‘ஆரியா’ சொன்ன வாய்

அத்தியாயம் 5

“இந்தத் தொப்பியைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று துபாஷ் தருமலிங்கம் கேட்டார்.

“தோசை” என்றேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவனிடம் வட்டமாக, தட்டையாக, ஓரம் கருகிய நிறத்தில் ஒன்றை நீட்டிக் கேட்டால் வேறென்ன தோன்றும்? துபாஷ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொப்பியை முகர்ந்தார். முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். அது கப்பல் அதிகாரி வாண்டு துரையின் தொப்பி. அவருடைய முழுப்பெயர் வான் டெர் என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். பழவேற்காட்டு வாய்கள் அதை வாண்டு என்று சுருக்கிவிட்டன. ஆள் என்னவோ பனைமர உயரம்.

துபாஷ் தருமலிங்கம் கோட்டையில் ஒல்லாந்தர் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்பவர், தமிழை ஒல்லாந்தாக்கிச் சொல்பவர். ஊரில் எது காணாமல் போனாலும், யார் காரணமில்லாமல் அடிபட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாலு பாஷை தெரிந்தவருக்கு நாலு பாஷையிலும் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நான் சின்னதம்பி, அவருக்குக் குடை பிடிப்பவன். துப்பறிவதில் என் பங்கு, வெயில் அவர் மூளையைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. மூளை ஓடாத நாட்களில் அவர் குடையைத்தான் திட்டுவார்.

“தொப்பியோ தோசையோ, இன்னாவா வேணா இருக்கட்டும் அய்யா” என்றாள் எதிரே நின்ற எல்லம்மா. இடுப்பில் காலி மீன்கூடை. “அதுக்காவ எம் புருசன சங்கிலில கட்டி வச்சிக்கீறாங்க. கச்சான் காத்து கிளம்பிச்சின்னா கப்பலு பூடும். அவனும் பூடுவான். பத்தாவியாவாம், கடலுக்கு அந்தாண்ட ஒல்லாந்துக்காரன் ஊராம். அது எந்தப் பக்கம் கீதுன்னுகூட எனுக்குத் தெரியாது. திரும்பி நின்னு அழலாம்னாக்கூட தெச தெரியல.”

என் வாயில் தயாராக இருந்த அடுத்த நகைச்சுவை அப்படியே உள்ளே போய்விட்டது.

நடந்தது இதுதான். எல்லம்மாவின் புருஷன் கண்ணப்பன் கப்பலில் கயிறு விடுகிறவன். கப்பலில் பாரம் ஏற்றி இறக்க இரண்டே சொல்தான். தூக்கச் சொன்னால் ‘ஆபேஸ்’. இறக்கச் சொன்னால் ‘ஆரியா’. இரண்டும் தமிழுமல்ல, ஒல்லாந்துமல்ல. முன்பு இருந்த போர்த்துகீசியப் பறங்கிகள் போகிற அவசரத்தில் மறந்துவிட்டுப் போனவை என்பார் துபாஷ். ஒல்லாந்தர் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. நம் கப்பலாட்களான கலாசிகளின் தலைவன் தண்டல் மட்டும் கூவுவான். கயிற்றுக்காரன் கேட்டு விடுவான்.

நேற்று ஒரு துணிப்பொதி அந்தரத்தில் தொங்கியபோது கண்ணப்பன் கயிற்றை விட்டுவிட்டான். கீழே வாண்டு துரை. துரை தாவினார், தொப்பி தாவவில்லை. பொதி அதோடு நிற்காமல் உருண்டு, கிடங்கின் வாய் வழியாக உள்ளே விழுந்து, அங்கே வேலையாக இருந்த வடிவேலுவின் காலை முறித்தது. ‘ஆரியா’ என்று காதில் விழுந்ததால்தான் விட்டேன் என்கிறான் கண்ணப்பன். தான் சொல்லவில்லை என்கிறான் தண்டல். அதற்கு முதல் நாள்தான் துரை கண்ணப்பனைக் கயிற்று நுனியால் அடித்திருக்கிறார். கொலை முயற்சி என்று முடிவு கட்ட அது போதாதா? தொப்பியைச் சாட்சியாகக் கோட்டைக்கு அனுப்பிவிட்டுக் கப்பல் தலைவரான கப்பித்தான் காற்றுக்காகக் காத்திருந்தார்.

“கெளம்பு” என்றார் துபாஷ், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

“கப்பலுக்கா?” என்றேன். “குடை மட்டும் போனால் போதாதா?”

போதாதாம்.

முகத்துவாரத்தைத் தாண்டி மசூலாப் படகு அலையில் ஏறி இறங்கியபோது நான் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று புரிந்தது. மீனவக் குப்பத்தில் பிறந்தும் கடலில் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் நான்தான். அதனால்தான் குடை பிடிக்க வந்தேன்.

கப்பல் என்பது மனிதனைக் கொல்வதற்காகவே நிதானமாக யோசித்துக் கட்டிய வீடு. நடுக்கூடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மாதிரி கிடங்கின் வாய். தொடை கனத்தில் கயிறுகள். அறுந்தால் யார் கால் என்று விசாரிக்காது. அடியில் வெடிமருந்துப் பீப்பாய்கள், மேலே அடுப்பு. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் தூங்குகிறார்களாம்.

தண்டல் அந்தோணிசாமி எங்களை ஏற்றிக்கொண்டான். வாய் நிறைய வெற்றிலை. கை கொடுத்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பார்த்தால் இரண்டு விரல் இல்லை.

“கப்பலுக்குக் குடுத்தது” என்றான், கோயிலுக்கு விளக்கு கொடுத்த தோரணையில். “இங்க எல்லாரும் இன்னாவாவது குடுத்துக்கீறோம். அதோ அவன் பல்லு. பாய்மரத்து மேல இருக்கறவன் முட்டி. பண்டாரி ரெண்டு காதையும் குடுத்துட்டான்.”

“பண்டாரியா?”

“சமையக்காரன்பா. ஒல்லாந்துக்காரன். பீரங்கி அடிச்சிக்கினு இருந்தான். காது பூட்ச்சி. இப்ப கஞ்சி கிண்டறான். கத்தினாத்தான் கேக்கும்.” என்னை மேலும் கீழும் பார்த்தான். “நீ இன்னா குடுக்கப் போற?”

“நான் கடனாகக்கூட எதையும் கொடுப்பதில்லை” என்றேன்.

“இன்னொண்ணு அய்யா” என்று துபாஷிடம் திரும்பினான். “பாரம் மேல தொங்கறப்போ என்னத் தவுர ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாது. தொறந்தா கயித்தடி. வாண்டு துரை போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். சத்தம் கலந்தா ஆளு சாவான்.”

அதனால் விசாரணை துண்டுதுண்டாக நடந்தது. தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டல் “ஆபேஸ்” என்பான்; எல்லோரும் ஊமை. “ஆரியா” என்பான், பீப்பாய் இறங்கும், எல்லோருக்கும் வாய் வரும். துபாஷ் ஒரு கேள்வியைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் பீப்பாய் இறங்கிய பிறகு கேட்டார். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் காதோரம் வழிந்த வியர்வையில் தெரிந்தது.

கண்ணப்பன் நடுப் பாய்மரத்தடியில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தான்.

“எல்லம்மா எப்பிடி கீறா?” என்றான் முதலில்.

“பத்தாவியா எந்தத் திசை என்று கேட்கிறாள்” என்றார் துபாஷ். “அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் வராமல் செய்யத்தான் வந்திருக்கிறேன். உன் காதில் விழுந்தது என்ன?”

“ஆரியான்னு வுழுந்திச்சி. அடித்தொண்டையில கூவினாங்க. தண்டல் கொரலு மாதிரி இல்லைதான். ஆனா காத்துல வர்ற கொரல நின்னு யோசிச்சிக்கினு இருந்தா, யோசிச்சி முடிக்கறதுக்குள்ள கீழ ஒருத்தன் செத்துருவான். சொல்லு வந்திச்சி, வுட்டேன்.”

“துரை அடித்தாரே, கோபம் இல்லையா?”

“கோவம்தான். அதுக்குக் கயித்த வுடுவனா? கிடங்குல கீறவன் வடிவேலு. என் மச்சான் மொறை.”

இப்போது கயிற்றில் நின்றவன் சகாதேவன். கண்ணப்பன் பொய் சொல்கிறான் என்று முதலில் சொன்னவன் அவன்தான்.

“நேற்று நீ எங்கே இருந்தாய்?” என்றார் துபாஷ்.

“மூக்குப் பக்கம், நங்கூரத்தாண்ட.”

“அங்கிருந்து இங்கே கூவினால் கேட்குமா?”

“கேக்காது.”

“பிறகு எப்படிச் சொன்னாய், யாரும் கூவவில்லை என்று?”

“எனுக்குக் கேக்கலன்னுதான் சொன்னேன்” என்றான் சகாதேவன். “அவன் சொல்றது நெசமா இருந்தா, அவன் எடத்துல நா நின்னிருந்தாலும் ஏமாந்திருப்பேன். நா ஏமாற மாட்டேன். பதினஞ்சு வயசிலேந்து எங் காது பழகின காது.”

துபாஷ் கயிறு கட்டும் கட்டையைச் சுற்றி வந்தார். அங்கே நிற்பவனுக்கு முதுகுப் பக்கம் கிடங்கு; எதுவும் தெரியாது. முன்னால் சமையல் அறையின் பலகைச் சுவர். கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் காதுதான். அதைக் குறித்துக்கொண்டவர் மாதிரி தலையை ஆட்டினார்.

“கேள், சின்னதம்பி. நேற்று மேல்தளத்தில் அந்தச் சொல் தெரிந்த ஆட்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். ஒருவன் உச்சியில். ஒருவன் தூக்கத்தில். தண்டல் குரல் மாதிரி இல்லை என்று கண்ணப்பனே சொல்கிறான். ஒல்லாந்தருக்கோ அந்தச் சொல்லே கிடையாது. சொல் இருக்கிறது, வாய் இல்லை.”

“கடல்காகம் கத்தியிருக்கலாம்” என்றேன். “அது ஏறக்குறைய எல்லாம் சொல்லும்.”

“நீ இங்கே நில்.” என்னைக் கிடங்கின் ஓரத்துக்குத் தள்ளினார். “துரை நின்ற இடம் இதுதான். ஒரு கப்பலின் இரண்டாம் அதிகாரி, தொங்குகிற பாரத்துக்கு அடியில் போய் ஏன் நிற்க வேண்டும்? நின்று பார். ஏதாவது தோன்றினால் சொல்.”

“உயிரோடு இருந்தால் சொல்கிறேன்.”

அவர் மறுபடி கண்ணப்பனிடம் போனார். பின்னால் தண்டல் குரல்: “ஆபேஸ்.” நான் மேலே பார்த்தேன். கழுதை கனத்தில் ஒரு பீப்பாய் என் தலைக்கு நேரே மெல்ல ஏறி, நின்று, ஆடியது. கப்பலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. துரைக்கு இங்கே என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: மடவை மீன்.

தோன்றியது என்றால் மனத்தில் அல்ல, மூக்கில். கப்பலில் வேறெங்கும் தார் நாற்றம். அந்த ஓரடி இடத்தில் மட்டும், சமையல் அறையின் சிறிய சன்னலிலிருந்து நேராக வந்து முகத்தில் தடவியது வறுத்த மடவை வாசனை. நம் ஏரி மடவை. முட்டையோடு சேர்ந்த கொழுத்த மடவை. காலையிலிருந்து காலியான வயிறு எனக்கு உத்தரவு போட்டது. குடையை விரித்தபடியே ஒரு கயிற்றுச் சுருளில் செருகி, என் இடத்தில் அதை நிற்க வைத்துவிட்டு, சன்னலுக்குப் போனேன். துபாஷ் திரும்பிப் பார்த்தாலும் குடை தெரியும். குடை தெரிந்தால் நான் அடியில் இருப்பதாக அர்த்தம்.

உள்ளே நரைத்த தாடியோடு ஒரு ஒல்லாந்தர். சிவந்த முகம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். சாப்பாட்டு முகம் எந்த பாஷையிலும் புரியும் போலிருக்கிறது. மார்பைத் தட்டிக்கொண்டார்.

“ஆரி.”

பெயர் சொல்கிறாராம். நானும் மார்பைத் தட்டி “சின்னதம்பி” என்று கிசுகிசுத்தேன். அவர் காதைக் காட்டிக் கையை விரித்தார். பிறகு எண்ணெய் சொட்டுகிற ஒரு முழு மடவையைக் கம்பியில் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். வேண்டுமா?

துபாஷிடம் இத்தனை வருஷம் குடை பிடித்து நான் கற்ற ஒல்லாந்து ஒரே வார்த்தை: ‘ஆமாம்’. மரியாதையாகப் பெயர் சொல்லித்தானே பதில் சொல்ல வேண்டும்? செவிடரிடம் சத்தமாகத்தானே சொல்ல வேண்டும்? தொங்குகிற பாரம், சட்டம், கயிற்றடி எல்லாவற்றையும் மடவை தின்றுவிட்டது. அடித்தொண்டையில் கூவினேன்:

“ஆரி, யா!”

எனக்குப் பின்னால் கயிறு சீறியது. பிறகு கப்பல் முழுக்க நடுங்குகிற ஒரு சத்தம்.

திரும்பினேன். பீப்பாய் வெடித்துத் தண்ணீர் தளம் முழுக்க ஓடியது. நடுவில் என் குடை. குடை என்று சொல்வது அதன் பழைய பெருமையைக் கருதித்தான். அது இப்போது வாண்டு துரையின் தொப்பிக்கு அக்கா மாதிரி இருந்தது.

“சின்னதம்பி!” என்று துபாஷ் கத்திய கத்தலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மூச்சிரைக்க ஓடி வந்து, குடையைத் தூக்கி அடியில் என்னைத் தேடினார். இல்லை என்றதும் மேலே பார்த்தார். நான் சன்னலோரம் மடவையோடு நின்றேன். கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். விரல்களை எண்ணினாரோ என்னவோ. உடனே குரல் மாறிவிட்டது.

“குடையின் விலை உன் கணக்கில்.”

சகாதேவன் வெறும் கையோடு நின்றான். “தண்டலு… ஆரியான்னு… நல்லா கேட்டுதே.”

தண்டல் வெற்றிலையைத் துப்பினான். “நா வாயே தொறக்கலடா.”

“சகாதேவா” என்றார் துபாஷ், “என் ஆளை ஏன் கொல்லப் பார்த்தாய்? உனக்கும் அவனுக்கும் என்ன பகை?”

“அய்யோ, சொல்லு வந்திச்சி, வுட்டேன் அய்யா.”

“இதையே நேற்று ஒருவன் சொன்னான்” என்றார் துபாஷ். சகாதேவன் பாய்மரத்தடியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். துபாஷ் என்னிடம் திரும்பினார். “இப்போது நீ என்ன சொன்னாய்?”

“மீன் வேணும்னு.”

“எப்படிச் சொன்னாய்? எல்லோரும் கயிற்றை விட்டு விலகுங்கள். ம்.”

சொன்னேன். துபாஷின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறியது, ஆபேஸ் சொன்ன மாதிரி.

“ஆரி. யா. இந்தக் கப்பலில் நம் ஆட்கள் எல்லோரும் அந்த மனிதரைப் பண்டாரி என்கிறார்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஒல்லாந்தர் வாயில் அந்தச் சொல் வராது என்று அத்தனை பேரையும் கழித்துவிட்டேன். ஆனால் பெயரும் வரும், ஆமாமும் வரும். தொப்பியில் காலையிலேயே வறுத்த மீன் வாசனை அடித்தது. நீ தோசை என்றதில் அதை விட்டுவிட்டேன்.”

“குற்றம் கடைசியில் தோசை மேலா?”

சத்தம் கேட்டுக் கப்பித்தான் வந்துவிட்டார். கூடவே வாண்டு துரை, வெறுந்தலையோடு. துபாஷ் ஒல்லாந்தில் விளக்கினார். கப்பித்தான் துரையைப் பார்த்துச் சிறியதாக ஏதோ கேட்டார். துரை நெஞ்சை நிமிர்த்தி நீளமாகப் பதில் சொன்னார்.

“பாரம் தொங்கும்போது வாய் திறப்பதா, அதுவும் நானா, சட்டம் போட்டதே நான்தானே என்கிறார்” என்று துபாஷ் என் காதில் சொன்னார். “இல்லை என்று சத்தியம் செய்கிறார். இனி நம் பக்கம் இருப்பது ஒரு நசுங்கிய குடை மட்டும்தான்.”

கரைப் பக்கமிருந்து காற்று லேசாக என் கழுத்தில் பட்டது. கச்சான். மேலே பாய் ஒரு தடவை உதறிக்கொண்டது. கண்ணப்பன் அதை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான், நடந்தது எதுவும் காதில் விழாத ஒரே மனிதர், தட்டில் புது மடவையோடு சமையல் அறையை விட்டு வெளியே வந்தார். கப்பித்தானை அவர் கவனிக்கவில்லை. நேராக வாண்டு துரையிடம் வந்து, தினமும் செய்கிறவர் மாதிரி தட்டை நீட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

பழக்கம் சட்டத்தைவிடப் பெரியது. துரையின் வாய் தானாகத் திறந்தது.

“ஆரி…”

அவ்வளவுதான். தளத்தில் இருந்த அத்தனை கலாசிகளும் ஒரே தாவலில் கிடங்கை விட்டு விலகினார்கள். தண்டல் தாவினான். நானும் தாவினேன். ஒன்றும் தொங்கவில்லை என்பது தாவிய பிறகுதான் ஞாபகம் வந்தது. துபாஷ் மட்டும் நகரவில்லை, ரசித்துக்கொண்டிருந்தார்.

துரை மிச்சத்தை விழுங்கினார். விலகி நின்ற எங்கள் எல்லோரையும் பார்த்தார். கிடங்கின் இருட்டைப் பார்த்தார். தன் தொப்பியைத் துபாஷின் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மெதுவாக ஏதோ சொன்னார். இந்தத் தடவை நீளமாக இல்லை.

“கேட்டானே, சரி என்றேன், மறந்தே போனேன் என்கிறார்” என்றார் துபாஷ்.

கப்பித்தான் இரண்டு வார்த்தை சொன்னார். அவிழ்த்துவிடச் சொன்னார் என்று எனக்கே புரிந்தது. ஆனால் துபாஷ் அதைத் தமிழாக்கத் தொடங்கினார் பாருங்கள், அது தெருக்கூத்து மாதிரி நீண்டது. கண்ணப்பன் குற்றமற்றவன். பண்டாரிக்கு இனி இந்தக் கப்பலில் பெயர் பீட்டர். வடிவேலுவின் கால் கூடும்வரை அவன் வீட்டுக்கு அரிசி கப்பல்காரர்கள் செலவில் போகும். இன்னும் கிடங்கிலேயே படுத்திருக்கும் வடிவேலுவைத் துரையே தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றுவார். கலாசிகள் கப்பித்தானைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கப்பித்தான் குழம்பிப்போய் என்ன என்று கேட்டார். துபாஷ் பணிவாக ஒல்லாந்தில் பேசினார். “தாங்கள் மனமுவந்து தருவதாகச் சொன்ன அரிசிக்கு நன்றி சொல்கிறார்கள் என்றேன்” என்று பிறகு படகில் எனக்குச் சொன்னார். இத்தனை கும்பிடுகளுக்கு முன்னால், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? கப்பித்தான் தலையை ஆட்டி “யா” என்றார்.

வாண்டு துரைக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே கிடங்கு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். வடிவேலுவை முதுகில் சுமந்து ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. வடிவேலு வலியில் அவர் காதுக்குள்ளேயே தமிழில் திட்டிக்கொண்டு வந்தான். அதைத் துபாஷ் மொழிபெயர்க்கவில்லை.

கரையில், நாங்கள் படகேறியபோது நின்ற இடத்திலேயே எல்லம்மா நின்றாள். படகிலிருந்து இறங்கிய கண்ணப்பனைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கிட்ட வந்ததும் காலிக் கூடையால் முதுகில் ஒன்று வைத்தாள்.

“இன்னாடி?”

“சும்மா. நீதானான்னு பாத்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். “யாருதான் சொன்னாங்களாம்?”

வாண்டு துரை மடவைக்குச் சரி சொன்ன கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“கொழுத்த மடவையா? முட்டையோட?”

“ஆமாம்.”

“அடப்பாவி. அது நா கப்பலுக்கு வித்த என் கூடை மீனாச்சே.” பிறகு புருஷனின் மணிக்கட்டைப் பார்த்தாள். சங்கிலி பட்ட இடம் சிவந்திருந்தது. குரல் இறங்கிவிட்டது. “சரி வா. நேத்திலேந்து ஒண்ணும் துன்னிருக்க மாட்ட. வூட்ல ரெண்டு மடவை வச்சிக்கீறேன். வறுக்கட்டுமா?”

கண்ணப்பன் வாயைத் திறந்தான். மூடினான். தலையை நிமிர்த்தி, வெறும் ஆகாயத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். என்னை ஒரு கையால் ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். அப்புறம்தான், மிக மெதுவாகச் சொன்னான்:

“ம்.”